அலைகரையில் நான்கு பலகைகள்

உங்கள் பொலிஸ் நிலையத்து இந்த அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது. எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் இருப்பது சத்தம் மட்டும்தான் போடும், காற்று வராது. அங்கே கூட்டம் கூட்டமாக இருந்து வேர்த்த ஆளுக்கு இது பெரிய சுகம். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக ஆறுதலாகவே சொல்கிறேன். எட்டு வருடம் சனத்துக்கு விளங்கப்படுத்தியே சம்பளம் எடுத்தவன் நான். ஒரு விஷயத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரியும்.

ஊரில் என்னை மிதிவெடிச் சேர் என்பார்கள். சண்டை முடிந்து சனம் முகாமிலிருந்து திரும்பிய காலத்தில், மிதிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் விழிப்புணர்வு அலுவலராக இருந்தேன். ஒட்டுசுட்டானிலிருந்து உடையார்கட்டு வரை நான் ஏறாத பள்ளிக்கூடமில்லை, கோயில் மண்டபமில்லை. சிவப்புப் பலகை, அதில் மண்டையோடு. கண்டால் நில். வந்த காலடியிலேயே திரும்பு. அறிவி. கிழவர்களைக்கூட எழுப்பிவிட்டு நடந்து காட்டச் சொல்வேன். எங்கள் சனம் அரசாங்கத்தின் பேச்சைக் கேட்காது. கடவுளின் பேச்சையும் தங்கள் வசதிப்படிதான் கேட்கும். சிவப்புப் பலகையின் பேச்சை மட்டும் தட்டாது. அப்படிப் பழக்கியவன் நான்தான். அந்தப் பெருமையை நீங்கள் எந்தச் சட்டத்தைக் கொண்டும் பறிக்க முடியாது.

நிறுவனம் மூடிக்கொண்டு போனபிறகு, வெள்ளைமருதன்குளத்தின் மேற்குப் பக்கத்தில் எனக்கிருந்த வளவில் நாலு அறை கட்டினேன். விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுவதற்கு. முன்னால் வெள்ளை மணல் ஏற்றி வந்து பறித்து, சாய்வுக் கதிரைகளும் குடைகளும் போட்டேன். படத்தில் பார்த்தால் நீங்களும் கடற்கரை என்றுதான் சொல்வீர்கள்.

மணலும் கதிரையும் விழுந்த இடம் என் வளவு இல்லை என்பது உண்மை. குளத்துத் தண்ணீர் ஏறி இறங்கும் கரையை நாங்கள் அலைகரை என்போம். மாரியில் அது தண்ணீர், கோடையில் புல்வெளி. சட்டப்படி ஒருவருக்கும் சொந்தமில்லை. ஒருவருக்கும் சொந்தமில்லாத இடத்தை எல்லாரும் தங்கள் இடம் என்று நினைப்பது எங்கள் ஊரில் ஒரு வியாதி.

வியாதிக்காரரில் முதலாமவள் விமலேஸ்வரி. புருசன் இல்லாதவள், பதினொரு மாடு. காலை பத்து மணியானால் என் மதிலோரப் பாதையால் அத்தனையையும் ஓட்டிக்கொண்டு அலைகரைக்கு இறங்குவாள். இரண்டாவது ஆள் ஜெமீல். லாண்ட்மாஸ்டரில், அதுதான் அந்தக் கை உழவு இயந்திர வண்டியில், பிளாஸ்டிக் சாமான் கொண்டு திரிந்து விற்பவன். பின்னேரம் அந்த வண்டியைக் குளத்துக்குள் இறக்கி, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி சவர்க்காரம் போட்டுக் கழுவுவான். பிறகு தானும் குளிப்பான், இருமி இருமி.

கனடாவிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். முதல்நாள் மாடுகளைப் படம் பிடித்தார். இரண்டாம் நாள் மாடு ஒன்று அவருடைய தொப்பியைத் தின்றது. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "அண்ணை, இது பிரைவேட் பீச் எண்டுதானே போட்டிருந்தனீங்கள்?" என்று கேட்டார். வெட்கமாக இருந்தது. மனிதனுக்கு வார்த்தை முக்கியம் அல்லவா.

நான் முதலில் நாகரிகமான வழியில்தான் போனேன். முள்ளுக்கம்பி வேலி அடித்து, பாதைக்குக் கேற் போட்டேன். உடனே ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு கூட்டம் வைத்தது. கிராம அலுவலரும் வந்தார். விமலேஸ்வரி எழும்பிச் சொன்னது இவ்வளவுதான்: "சேர், உங்கட வளவுக்குள்ள நாங்கள் வரேல்லை. குளம் வத்தினா புல்லு முளைக்குது, மாடு மேயுது. இதுக்கும் கேற் போடுவினமோ? நாளைக்கு மழைக்கும் பூட்டுப் போடுவியளோ?"

மண்டபமே சிரித்தது. மண்டபத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த கதிரைகளில் இருந்துகொண்டு சிரித்தார்கள். வேலியைக் கழற்றச் சிரமதானம் வைத்தார்கள். தன் சொந்த வேலிக்கு ஒரு கதியால் தடி நடப் பஞ்சிப்படும் சனம், என் வேலியைக் கழற்ற நாற்பது பேராக வந்து இறங்கியது. போகும்போது கம்பியையும் வடிவாகச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு 'தனியார் பகுதி' என்று ஒரு பலகை எழுதி வைத்தேன். ஜெமீல் அதில் ஈரச் சாரத்தைக் காயப் போட்டான். விமலேஸ்வரி கன்றுக்குட்டியைக் கட்டினாள். பலகை என்றால் எப்படிப்பட்ட பலகையாக இருக்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

விமலேஸ்வரிக்கு ஏன் அந்த அலைகரை அவ்வளவு தேவைப்பட்டது என்று கேட்கிறீர்கள். அவளுக்குச் சொந்தக் காணி இருந்தது. கிழக்குக் கரையில், கிணறும் தென்னையுமாக நல்ல காணி. ஆனால் அது சிவப்புப் பலகைகளுக்கு அப்பால். சண்டை முடிந்த நாளிலிருந்து விடுபடவில்லை. மிதிவெடி அகற்றும் ஆட்கள் வந்து கிணறு வரைக்கும் ஒரு ஒற்றையடிப் பாதையை மட்டும் சுத்தமாக்கி, இதற்குள் நடந்தால் ஆபத்தில்லை என்று காட்ட இரண்டு பக்கமும் வெள்ளை அடித்த கட்டைகள் நட்டார்கள். அதோடு வேலை நின்றுவிட்டது. அதனால் மாடுகளுக்கு என் பக்கத்து அலைகரையை விட்டால் வேறு கதியில்லை. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லப் போவதில்லை. என்னைக் காணும்போதெல்லாம் கேட்பாள்: "சேர், எங்கட காணி எப்ப விடுவினம்?" நான் அடுத்த வருசம் என்பேன். அவளும் சந்தோசமாகப் போவாள்.

வைகாசிப் பொங்கலுக்கு எங்கள் ஊர் முழுக்க வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போய்விடும். இந்த முறையும் போனது, நாய்கள்தான் மிச்சம். அன்றைக்கு மத்தியானம் கிழக்குக் கரைக்கு மோட்டார்சைக்கிளில் போனேன். அங்கே பதினொரு பலகை இருந்தன. நான் எடுத்தது நாலு. வண்டிப் பாதையோரம், விமலேஸ்வரியின் காணிக்கு முன்னால் இருந்த நாலு. மிச்சம் ஏழும் காட்டுப் பக்கமாக அப்படியே இருந்தன.

புதிதாகச் செய்திருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். ஆனால் சனம் அந்தப் பலகைகளோடு பதினைந்து வருடத்துக்கு மேல் சீவித்திருக்கிறது. துருவும் வெயிலில் வெளிறின சிவப்பும் அதற்கு மனப்பாடம். புதுப் பெயின்டைக் கண்டால் ஜெமீல் மறுபடியும் சாரத்தைக் கழற்றிக் காயப் போட்டுவிடுவான்.

போன கையோடு வெள்ளைக் கட்டைகளையும் பிடுங்கினேன். இருபத்தாறு இருந்தன. கிணறு வரைக்கும் நடந்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு திரும்பினேன். என் மணலுக்குப் போகும் பாதையின் இரண்டு கரையிலும் அவை எடுப்பாக இருந்தன. வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள்.

பலகைகளை அன்றிரவே என் பக்கத்து அலைகரையில் நட்டுவிட்டு, அடுத்தநாள் காலை மதிலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். விமலேஸ்வரி மாடுகளோடு வந்தாள். நாலு பலகையையும் கண்டாள். நின்றாள். முன்னுக்குப் போன மாட்டை வாலில் பிடித்து இழுத்து, தான் வந்த காலடியிலேயே பின்னுக்கு அடி வைத்து, பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஒரு பிழை இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாத்திக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஜெமீல்தான் கொஞ்சம் குடைந்தான். "சேர், பொங்கலுக்கு முதல் நாளும் இதிலதானே நான் குளிச்ச. இப்ப எப்பிடி மிதிவெடி வந்த?"

"போன மாரி வெள்ளம் கிழக்குக் கரையில இருந்து இழுத்துக்கொண்டு வந்திருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு கவனமா இருக்கோணும் எண்டு படிப்பிச்சது மறந்துபோச்சோ?"

தலையில் கை வைத்தான். "அப்ப உங்கட ஆக்கள் அங்கால குளிக்கிறாங்களே?"

"என்ர பக்கம் பாத்தாச்சு."

அவன் வண்டியைத் திருப்பினான். அதற்குப் பிறகு அலைகரையில் ஒரு சாரம், ஒரு சாணகம் இல்லை. வந்தவர்கள் மண்டையோட்டுப் பலகைக்குப் பக்கத்தில் நின்று விரல் காட்டிப் படம் எடுத்துப் போட்டார்கள். முன்பதிவு கூடியது.

ஆடி பிறந்தது. காய்ச்சலான வெயில். விமலேஸ்வரியின் மாடுகள் விலா எலும்பு தெரிய றோட்டோரம் நின்றன. குழாய்க்கிணற்றில் வாளி வாளியாக அடித்துப் பதினொரு மாட்டுக்கும் தண்ணீர் காட்டினாள் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் பின்னேரம் என் கேற்றுக்கு வந்தாள். கையில் ஒரு சட்டி தயிர். முகமெல்லாம் சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

"சேர், எங்கட காணிப் பக்கம் போனனான். முன்னால இருந்த சிவப்புப் பலகை போட் ஒண்டையும் காணேல்லை. வெள்ளைக் கட்டையளும் இல்லை. கழட்டிக்கொண்டு போட்டினம். அப்ப விடுபட்டிட்டுது, என்ன?"

நான் ஒருநாளும் அப்படிப் படிப்பித்ததில்லை. காணி விடுபட்டால் கடிதம் வரும், அதிகாரிகள் வருவார்கள், கையெழுத்து வாங்குவார்கள். ஆனால் பலகை இருந்தால் ஆபத்து என்று படித்த சனம், பலகை போனால் ஆபத்தும் போய்விட்டது என்பதைத் தானாகவே படித்துக்கொண்டது. அவ்வளவு காலம் அந்தப் பலகைகள் போவதைத்தானே எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது என் பாடத்தின் பிழையில்லை.

அவள் விடவில்லை. "உங்களிட்டக் கேக்காமல் நான் கால் வைக்கமாட்டன் சேர். நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, காலமையே மாட்டை இறக்கிறன்."

இல்லை என்றால் அடுத்த கேள்வி என்ன? அப்ப போட் எல்லாம் எங்கை போனது என்பாள். அவள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் என் பக்கத்து நாலு பலகையும் வடிவாகத் தெரியும். அவளுக்கு எண்ணத் தெரியும்.

"ஓம், விமலேஸ்வரி. நீர் போம்" என்றேன்.

"நீங்கள் நல்லாயிருக்கோணும் சேர்" என்று சட்டியைத் தந்துவிட்டுப் போனாள். நல்ல கெட்டித் தயிர்.

அடுத்தநாள் காலை ஒன்பது மணியளவில் சத்தம் கேட்டது. உடனே போனேன். பொறுப்பில்லாத ஆள் என்றால் வீட்டிலேயே இருந்திருப்பான். வண்டிப் பாதையில் ஊரே நின்றது. உள்ளே கிணற்றுக்குக் கொஞ்சம் இங்கால் விமலேஸ்வரி கிடந்தாள். ஒரு கால் இல்லை. அறிவு இருந்தது. மாட்டின் பெயரையும் தண்ணீரையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெமீல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஓட வெளிக்கிட்டான். நான் குறுக்கே நின்று இரண்டு கையையும் விரித்தேன்.

"ஒருத்தரும் கால் வைக்கப்படாது. அகற்றுற ஆக்கள் வருமட்டும் நிக்கோணும்."

இதில் என்ன பிழை? எந்தச் சுவரொட்டியிலும் இதுதான் இருக்கிறது. ஊர் முழுக்கக் கட்டுப்பட்டு நின்றது. உள்ளே கிடந்தவளுக்கும் என் குரல் கேட்டிருக்க வேண்டும். "சேர் சொல்லுறதைக் கேளுங்கோ. ஒருத்தரும் வராதேங்கோ" என்று அங்கிருந்தே சொன்னாள். நான் படிப்பித்தவர்களில் அவள்தான் திறம்.

ஜெமீல் மட்டும் அழுதழுது என் சேட்டுக் கழுத்தைப் பிடித்து உலுப்பினான். "முந்தி ஒரு வெள்ளைக் கட்டைப் பாதை இருந்ததே, சேர். கிணத்தடி மட்டும் போகுமே. உங்களுக்குத் தெரியும்தானே. அது எதால போன? சொல்லுங்க, நான் போறன்."

எனக்கு ஞாபகம் இல்லை என்றேன்.

அகற்றும் ஆட்கள் வந்து சேர ஒரு மணியும் நாற்பது நிமிடமும் ஆனது. அதற்கு முன்பே அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

நீங்கள் கேட்க வந்தது இதைத்தான் என்று தெரியும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பாதை எனக்குத் தெரியும். முறிந்த பாலை மரத்துக்கு இடக்கைப் பக்கமாக ஏறி, கிணற்றை நேரே பார்த்து நடந்தால் சரி. அவள் கிடந்த இடம் பாதையிலிருந்து கை எட்டுகிற தூரம். இருபத்தாறு கட்டையையும் பிடுங்கிக்கொண்டு அதால்தான் நான் வந்தேன். கண்ணைக் கட்டி விட்டாலும் போய்த் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். ஆனால் நில் என்று சொல்லிக் கொடுத்தவனே ஊர் பார்க்க உள்ளே நடந்தால், பிறகு இந்தச் சனம் எந்தப் பலகையை மதிக்கும்?