படகுக்கு மூன்றாவது ஆள்

நாத்தனார்: ...அதே ரூம்தான் அண்ணி. ஜன்னல் கொக்கியைக்கூட இன்னும் மாத்தல.

அண்ணி: மாத்தியிருந்தா உங்க அண்ணன் மேலேருந்து சண்டைக்கு வந்திருப்பாரு. வருஷா வருஷம் அந்தக் கொக்கியில படகுக் கயிறைக் கட்டித்தானே நமக்கு முடிச்சு போடச் சொல்லிக் குடுத்தாரு.

நாத்தனார்: சொல்லிக் குடுத்தாரா? திட்டினாரு. ஒரு முடிச்சு ஒழுங்கா விழல, நீங்கள்லாம் எங்க கரை சேரப் போறீங்கன்னு.

அண்ணி: நீயாவது திருப்பித் திட்டுவ. நான் வாயை மூடிக்கிட்டு...

நாத்தனார்: யாரு, நீங்களா? அந்தக் கடலைக் கேட்டா சொல்லும்.

அண்ணி: போடி... குளிரு மட்டும் அப்படியே இருக்கு. பஸ்ஸை விட்டு இறங்கினதுமே பல்லு தந்தியடிச்சிடுச்சு.

நாத்தனார்: இந்தக் குளிர் நாட்டுல வடகோடி ஊருன்னா சும்மாவா? இருங்க, ஹீட்டரைப் போடுறேன்.

அண்ணி: அது கிடக்கட்டும். நீ உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

நாத்தனார்: இருட்டறதுக்குள்ள துறைமுகம் வரைக்கும் ஒரு நடை...

அண்ணி: பஸ் ஏறினதுலேருந்து இதையே செய்யுற. நான் வாயைத் திறந்தா, மேகத்தைப் பாருங்க, மலையைப் பாருங்கன்னு.

நாத்தனார்: மேகம் நல்லாத்தானே இருந்துச்சு.

அண்ணி: அவர் போய் நாலு வருஷமாச்சு. ஒருநாளாவது இங்க வரலாம்னு சொன்னியா? திடீர்னு டிக்கெட்டோட வந்து நின்ன.

நாத்தனார்: ஆசையா இருந்துச்சு... படகுல பாயை ஏத்தினதும் அண்ணன் ஒரு சத்தம் போடுவாரே, ஞாபகம் இருக்கா?

அண்ணி: மறக்குமா? யாரோ முழுகுறாங்கன்னு ஒரு தடவை கரையே ஓடி வந்துச்சு.

நாத்தனார்: அண்ணன் சாவகாசமா கையை ஆட்டுறாரு.

அண்ணி: எனக்கு வெக்கமாப் போச்சு... அந்த வெக்கம்கூட இப்போ வேணும்போல இருக்குடி.

நாத்தனார்: எனக்கும்தான் அண்ணி.

அண்ணி: ஆமா, நாளைக்கு நாம ரெண்டே பேரு எப்படிப் போறது? அவர் கனத்துக்குத்தான் அந்தப் படகு சாயாம நின்னுச்சு.

நாத்தனார்: படகுக்காரரும் அதைத்தான் சொன்னாரு. ரெண்டு பேரும் ஊதினா பறந்துடுவீங்க, கனமா இன்னொரு ஆள் இல்லாம படகு கிடையாதுன்னுட்டாரு.

அண்ணி: அப்புறம்?

நாத்தனார்: ஆள் இருக்குன்னு சொல்லிட்டேன்.

அண்ணி: யாருடி?

நாத்தனார்: நீங்க என்னமோ சொல்லணும்னீங்களே. மொதல்ல அது.

அண்ணி: ...சொன்னா நீ என்னோட படகுல ஏறுவியான்னே தெரியல.

நாத்தனார்: சொல்லுங்க.

அண்ணி: உங்க வீட்டு மனுஷங்கன்னு எனக்கு மிச்சம் நீ ஒருத்திதான். உன்னையும் விட்டுடுவேனோன்னு ஆறு மாசமா தொண்டையிலயே வச்சிருக்கேன். எங்க ஆபீஸுக்குக் கீழ மூக்குக்கண்ணாடிக்கடை வச்சிருக்காரே... சம்சாரம் தவறிப்போனவரு... கல்யாணம் பண்ணிக்கலாமான்னு என்னைக் கேட்டாரு. எனக்கும்... சரின்னு சொல்லணும்னு இருக்கு. உனக்குப் பிடிக்கலேன்னா வேணாம்.

நாத்தனார்: இருங்க, மொதல்ல அந்த ஹீட்டரைப் போட்டுட்டு வரேன்.

அண்ணி: ஏதாவது சொல்லு. திட்டவாவது செய். உங்க அண்ணனை மறந்துட்டேன்னு மட்டும் நினைக்காத.

நாத்தனார்: போன மாசம் நான் அந்தக் கடைக்குப் போனேன் அண்ணி. கண்ணு மங்கலா இருக்குன்னு பொய் சொல்லி உக்காந்தேன். அந்த மனுஷன் ரொம்ப நேரம் சோதிச்சுட்டு, உங்களுக்குக் கண்ணாடியே தேவையில்லம்மான்னு அனுப்பிட்டாரு. ஏமாத்தத் தெரியாத ஆளு.

அண்ணி: நீயா? உனக்கு எப்படி...

நாத்தனார்: போனை எடுத்தா உங்க வாயில கண்ணாடிக்கடை, கண்ணாடிக்கடை. பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருண்டுடுமா? பஸ்ஸுல நீங்க ஆரம்பிச்சா நான் அழுதுடுவேன்னுதான் மேகத்தைக் காட்டினேன்.

அண்ணி: அப்போ நாளைக்கு... அந்த இன்னொரு ஆளு...

நாத்தனார்: காலையில பஸ்ஸுல வராரு. நான்தான் கூப்பிட்டேன். ஒண்ணே ஒண்ணு அண்ணி... அண்ணன் உக்காந்த இடத்துல மட்டும் அவரை உக்கார வச்சுடாதீங்க. எனக்கு இன்னும் அந்த அளவுக்கு மனசு வரல. சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு அங்க நான் உக்காந்துக்கிறேன். அவர் உங்க பக்கத்துல உக்காரட்டும்.