மேல் துளை

தேனீ குளிரில் சாவதில்லை, சார். ஈரத்தில்தான் சாகிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வட மினசோட்டாவில், இந்த ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களிலும் பாதிப்பேர் இதைத் தப்பாகத்தான் நினைக்கிறார்கள்.

குளிர்காலத்தில் தேனீக்கள் பெட்டிக்குள் பந்தாகத் திரண்டு ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். எலி நுழையாதபடி கீழ்வாசலை விரலளவுக்குக் குறுக்க வேண்டும். மேலே சின்னதாக ஒரு துளையைத் திறந்து வைக்க வேண்டும், அவற்றின் மூச்சு வெளியேற. அதை அடைத்தால் மூச்சு மூடியில் நீராகி, பந்தின் மேலேயே சொட்டும். இதைத் தெரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. ஆனால் எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதனால் நான் எதைச் சொன்னாலும் என் அண்ணன் வெர்னுக்கு அது படிப்புத் திமிர்.

நவம்பரில் நான் துளைகளைத் திறப்பேன். பின்னாலேயே வந்து அவன் கந்தல் துணியைத் திணிப்பான்.

"கதவத் தொறந்து போட்டுட்டுத் தூங்குவியாடி நீ? அதுங்களுக்கும் குளிரும்ல?"

"குளிராது வெர்ன். நனைஞ்சு சாகும்."

"வாங்க புரொஃபசரம்மா. அப்பா எந்தக் காலேஜுல படிச்சிட்டு வளத்தாரு?"

அப்பா மூடிக்கு அடியில் ஒரு குச்சியைச் செருகி வைப்பார். அந்த இடுக்குதான் துளை. பக்கத்தில் நின்றே வளர்ந்தவன், அதை ஒருநாளும் கவனித்ததில்லை. அப்பா சாகும்போது பெட்டிகளை எனக்கென்றார், நிலத்தை அவனுக்கென்றார். பெட்டிகள் நிலத்தில்தானே நிற்க வேண்டும்.

ஜனவரியில் அவனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். மூடியெல்லாம் பனிக்கட்டி, அடியில் செத்த தேனீக்களின் கறுத்த கூழ். ஒரே ஒரு பெட்டிதான் மிச்சம். விரல்முட்டியால் தட்டிக் காதை வைத்தேன். உள்ளே ரீங்காரம் எழுந்தது. இங்கே எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம். பதில் வந்தால் பெட்டி நலம். அதற்குமேல் திறக்கக் கூடாது, சூடு போய்விடும்.

"உயிரோடதான இருக்கு? அப்புறம் என்னடி ஒப்பாரி?" என்று சொல்லி, பூட்ஸ் காலால் ஓர் உதை விட்டான். பெட்டி உருண்டு பிளந்தது. வடிகட்டிய காப்பித்தூள் மாதிரி தேனீக்கள் பனியில் கொட்டின. சில நடக்கப் பார்த்தன. அவன் அவற்றின் மேலேயே நடந்து வந்தான்.

"இந்தா, இப்ப நல்லா காத்து வரட்டும்."

எனக்குக் கோபம் வரவில்லை சார். கோபக்காரி என்றால் கையில் இருந்த, பெட்டி நெம்பும் இரும்பை அங்கேயே அவன் மண்டையில் இறக்கியிருப்பேன். நான் வீட்டுக்குப் போய்ப் பட்டாணி சூப் வைத்தேன். அவனுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். உப்பு கம்மி என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் வழக்கம்போலப் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போனான். உறைந்த ஏரிமேல் நிற்கும் அவனுடைய கொட்டகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒட்டுப்பலகைச் சுவர், ஒரு கதவு, உள்ளே சூட்டுக்கு எரியும் கேஸ் அடுப்பு, அதன் நச்சுக்காற்று போகக் கூரையில் ஒரு புகைத்துளை. அதுவும் ஒரு பெட்டிதான். அன்று பனிக்காற்று பலம், பக்கத்துக் கொட்டகைகளுக்கு யாரும் வரவில்லை. அங்கே போனும் எடுக்காது.

முதலில் கீழ்வாசல். என் வண்டியைப் பின்னால் ஓட்டிக் கதவோடு ஒட்டி நிறுத்தினேன். பிறகு மேல் துளை. என் பெட்டிகளில் அவன் திணித்திருந்த அதே கந்தல்கள். புதிதாக நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

"யாருடா அது? வண்டிய எடு," என்றான். கொஞ்சம் கழித்து, "ஐலா, நீதானா? வெளையாடாத," என்றான். அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

"பயப்படாத வெர்ன். குளிர் உள்ள வராது," என்றேன்.

கதவில் மோதினான். உதைத்தான். பலகை அதிர்ந்தது, வண்டி அசையவில்லை. சுவரில் நீங்கள் பார்த்த ரத்தம் அவனுடைய கைகளிலிருந்து வந்தது. நான் அவனைத் தொடவேயில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். "தல சுத்துதுடி, தொறடி," என்றான். பிறகு வாந்தி எடுக்கும் சத்தம். நான் வண்டிக்குள் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த ரொட்டியைத் தின்றேன்.

எல்லாம் ஓய்ந்த பிறகு இறங்கிப் போனேன். உயிர் இருக்கிறதா என்று பார்க்காமல் போகிற அளவுக்கு நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. சுவரில் விரல்முட்டியால் தட்டிக் காதை வைத்தேன். உள்ளேயிருந்து மெதுவாக ஒரு தட்டல் வந்தது. பிறகு இன்னொன்று.

பதில் வந்துவிட்டது. பதில் வந்த பெட்டியைக் குளிர்காலத்தில் திறக்கக் கூடாது, சார். வண்டியை அப்படியே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.