கட்டு அவிழ்க்காத அடுப்பு

– ஒரு வாசல், ஒரு கரண்ட் மீட்டர், ஒரு குழாய். இதுல ரெண்டு குடும்பம்னு நான் எப்படிம்மா எழுதறது?

– ஜனத்தொகைக் கணக்கு எழுதத்தானே டீச்சர் உங்களை அனுப்பியிருக்காங்க? நான் ஒரு குடும்பம். அதோ பேப்பருக்குப் பின்னால முகத்தை மறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரே, எங்க மாப்பிள்ளை, அவர் ஒரு குடும்பம். முடிஞ்சது.

– முடியல டீச்சர். ஒரே குடும்பம், ரெண்டு பேர். எழுதிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்க.

– சார், போன ஞாயித்துக்கிழமை நான் வந்தப்போ நீங்க டியூட்டிக்குப் போயிட்டீங்க. அம்மா ரெண்டுன்னாங்க, ரெண்டுன்னு எழுதினேன். சரிபார்க்க மறுபடி வந்தேன். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிட்டாங்க. நீங்க ஒண்ணுன்னீங்க, அதை அடிச்சுட்டு ஒண்ணுன்னு எழுதினேன். எங்க மேலதிகாரி கேக்கறார், இது வீடா ரப்பரா, இழுத்தா ரெண்டாகுது, விட்டா ஒண்ணாகுதேன்னு. இன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்ற வரைக்கும் நான் எழுந்திரிக்கப் போறதில்ல.

– தாராளமா உட்காருங்க. ஆனா அந்த நாற்காலி இவரோடது. அவரைக் கேட்டுட்டு உட்காருங்க.

– பாத்தீங்களா டீச்சர்? தினமும் இப்படித்தான். நாற்காலி என்னோடது, ஸ்டூல் அவங்களோடது. ஃபிரிட்ஜுல மேல் தட்டு அவங்களுக்கு, கீழ் தட்டு எனக்கு. என் தட்டுல முட்டை ஒண்ணு உருண்டு அந்தப் பக்கம் போனாக்கூட ஒரு பஞ்சாயத்து. வாய்க்குப் பிரேக்கே கிடையாது.

– பஸ் டெப்போல பிரேக் பாக்கறவருக்கு வேற எது ஞாபகம் வரும்.

– கடவுளே. கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க ரெண்டு பேரும். போன வருஷம் வீட்டுப் பட்டியல் எடுத்தவர் இந்தக் கதவு நம்பருக்கு மூணு பேர்னு போட்டிருக்கார். மூணாவது ஆள் எங்க?

– அது…

– வெளியூரா சார்? ஆறு மாசத்துக்கு மேல போயிருந்தா இங்க சேர்க்கக் கூடாது, அதுக்காகத்தான் கேக்கறேன்.

– என் பொண்ணு டீச்சர். இவரோட சம்சாரம். மழைக்காலம் தொடங்கறதுக்குள்ள போயிட்டா.

– நடந்துதான் ஆஸ்பத்திரிக்குள்ள போனா. 'வண்டியை நிழல்ல போடுங்க, சீட்டு சுடும்'னு சொல்லிட்டுப் போனா.

– ஐயோ, மன்னிச்சுடுங்க சார். தெரியாம கேட்டுட்டேன்.

– உங்களுக்கு எப்படித் தெரியும். அடுத்ததைக் கேளுங்க டீச்சர்.

– சரி. ஒரே குடும்பம்னே வெச்சுக்குவோம். அம்மாவுக்கும் சாருக்கும் என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. மாமியார்னு போடறேன்.

– எப்படிப் போடுவீங்க? நடுவுல இருந்த கயிறே அறுந்து போச்சு. பொண்ணு இல்லாம மாமியார் எங்கேர்ந்து வருவா? நான் என்ன கண்டேன், உங்க புஸ்தகத்தில 'பக்கத்து ரூம்காரி'ன்னு ஒரு கட்டம் இருந்தா அதுல டிக் பண்ணுங்க.

– அப்போ நான் 'அத்தை'ன்னு கூப்பிடறது யாரை? சுவரையா?

– சுவராவது பதில் பேசாம இருக்கும்னுதானே அடிக்கடி அதையே பாத்துக்கிட்டிருக்கீங்க மாப்பிள்ளை.

– போதும்! ரெண்டு பேரும் நிறுத்துங்க. இந்தப் புறநகர்ல எனக்குக் கொடுத்திருக்கிறது நாலு தெரு. எதிர் வீட்டைப் பாருங்க, மாடியோட ஆறு ரூம், பெரியவர் ஒருத்தர் மட்டும். பேசறதுக்கு ஆள் கிடைச்சுதுன்னு என்னைப் பிடிச்சு வெச்சுக்கிட்டார். பிள்ளைங்க போட்டோவை ஒவ்வொண்ணாக் காட்டறார், கணக்குல ஒருத்தரும் வர மாட்டாங்க. பின் தெருவுல ஒரே ரூம்ல ஏழு பசங்க, ஒருத்தன் எழுந்திரிச்ச பாயில அடுத்த ஷிப்டுக்காரன் படுக்கறான். அவங்க ஒரு குடும்பம். முனை வீட்டில அண்ணனும் தம்பியும் மூஞ்சியைப் பாத்துக்கறதே இல்ல, 'அவன்கிட்ட சொல்லுங்க டீச்சர்'னு என்னை வெச்சே பேசிக்கிட்டாங்க. அவங்களும் ஒரு குடும்பம். ஏன்? எங்களுக்கு ஒரே விதிதான். ஒரே உலையில சாப்பிடறவங்க ஒரு குடும்பம். பாசமா இருக்கீங்களா, அடிச்சுக்கறீங்களான்னு நாங்க கேக்கறதே இல்ல.

– அதைத்தான் நானும் சொல்றேன். உலை வேற. சமையல்கட்டுல கேஸ் அடுப்பு இவரோடது. இதோ ஜன்னலோரம், ஸ்டூல் மேல என் அடுப்பு. என் பணத்தில வாங்கினது.

– அந்த அடுப்பு வந்த நாள்லேர்ந்துதான் டீச்சர் இந்தக் கூத்து. டெப்போலேர்ந்து வந்து பாக்கறேன், ஹால்ல அடுப்பு உட்கார்ந்திருக்கு. 'இனிமே நான் தனி'ன்னாங்க. நான் என்ன தப்பு பண்ணினேன்னு கேட்டேன், 'உங்க சமையல்ல உப்பு இல்ல'ன்னாங்க. ஒரு குடும்பம் உடையறதுக்கு இது ஒரு காரணமா?

– வாஸ்தவமா உப்பு இல்லயே. நான் என்ன செய்ய.

– உப்பு மட்டும் இல்ல. கட்டிலுக்கு அடியில பெட்டி கட்டி வெச்சிருக்காங்க டீச்சர். தங்கச்சி வீட்டுக்குப் போறாங்களாம். தனிக் குடும்பம்னு எழுத வெக்கறது அதுக்குத்தான். எழுதினதும் பெட்டியைத் தூக்குவாங்க.

– அது என் இஷ்டம்.

– உங்க இஷ்டம்னா எனக்கு என்ன இருக்கு இந்த வீட்டில? நாலு சுவரும் ஒரு பேப்பரும்.

– சார், அம்மா, கொஞ்சம் பொறுங்க. எரிபொருள் என்னன்னு ஒரு கேள்வி இருக்கு. இது கரண்ட் அடுப்புதானே?

– ஆமாம்.

– துண்டைப் போட்டு மூடியிருக்கீங்களே. எடுக்கலாமா?

– வேண்டாம், தூசி விழும்.

– ஒரு நிமிஷம்தான்… அம்மா. இதென்ன? வயர்ல கம்பெனிக்காரன் போட்ட கட்டே இன்னும் அவிழ்க்கல. மேல ஒட்டின பிளாஸ்டிக்கூட உரிக்கல.

– ஒரு பொருளைப் புதுசு கெடாம வெச்சுக்கறது தப்பா?

– அடுப்பைப் புதுசா வெச்சுட்டு எதுல சமைக்கறீங்க?

– அத்தை, கேக்கறாங்கல்ல.

– காதுல விழுது.

– அப்போ நான் மிச்சம் வைக்கற சோறு? காலையில பாத்தா பாத்திரம் கழுவிக் கவுத்திருக்கும். பூனைக்குப் போட்டேன்னு சொன்னீங்களே.

– பூனைக்கும் கொஞ்சம் போட்டேன்.

– நம்ம வீட்டில பூனையே கிடையாது அத்தை.

– ஊர்ல இல்லாத பூனையா? நாலு தெரு எண்ணியிருக்காங்களே டீச்சர், கேளுங்க.

– பூனையெல்லாம் நாங்க எண்ணறதில்ல. சார், இப்போ உங்களை ஒண்ணு கேக்கறேன். நீங்க தனியாத்தானே சாப்பிடறீங்க? எதுக்கு ரெண்டாள் சோறு வைக்கறீங்க?

– அரிசி போடும்போது கை தவறிடும் டீச்சர்.

– தினமுமா?

– தினமும்.

– நல்லா இருக்கு! ஒருத்தர் கை தவறி வைக்கறார், ஒருத்தர் பூனை பேரைச் சொல்லி சாப்பிடறாங்க. இதுக்கு என்னை மூணு தடவை வெயில்ல நடக்க விட்டீங்க. ஒரே உலை, ஒரே குடும்பம். எழுதறேன்.

– வேண்டாம் டீச்சர்! பேனாவைக் கீழ வைங்க.

– கையை விடுங்கம்மா, கோடு கோணுது.

– கோணட்டும். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன், ரெண்டுன்னு எழுதுங்க.

– ஏன்? காரணத்தைச் சொல்லுங்க. ரேஷன் தனியா கிடைக்கும்னு யாராவது சொன்னாங்களா? இந்தக் கணக்கால அப்படி ஒண்ணும் கிடைக்காது.

– அடுத்த கணக்கு எப்போ எடுப்பீங்க?

– பத்து வருஷம் கழிச்சு.

– அப்போ நான் இருக்கப் போறதில்ல. இன்னிக்கு ஒரே குடும்பத்தில ரெண்டு பேர்னு எழுதினா, அன்னிக்கு வர்ற டீச்சர் ஒரே ஆள்னு எழுதுவாங்க. எதிர் வீட்டுப் பெரியவர் மாதிரி இவர் கதவைத் திறப்பார். என் பொண்ணு போனப்போ மூணு ரெண்டாச்சு. அடுத்தது ரெண்டு ஒண்ணாகணுமா? அந்தக் கணக்கு எனக்கு வேண்டாம். இவரை இப்பவே தனியாள்னு எழுதுங்க. தனியாளுக்குத்தான் துணை தேடி ஒருத்தி வருவா. செத்தவளோட அம்மா அடுப்பங்கரையில உட்கார்ந்திருக்கிற வீட்டுக்கு எவ வருவா?

– அத்தை…

– நீங்க பேப்பரைப் படிங்க. டீச்சர், டெப்போ ஸ்டோர்ல ஒரு பொண்ணு இருக்கு. சாமான் எடுத்துக் கொடுக்கற வேலை. புருஷன் விட்டுட்டுப் போனவ, நல்ல மாதிரி. இவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டு வந்துட்டார்னு ஒரு நாள் எடுத்துக்கிட்டு வந்தா. ஒரு டப்பாவைக் கொடுக்கறதுக்கு யாராவது ரெண்டு பஸ் மாறி வருவாங்களா? எனக்குப் புரியாதா? இந்த வாசப்படியில நின்னு என்னைப் பாத்தா. முகத்தில ஒரு தயக்கம்.

– அன்னிக்கு நான் வீட்டில இல்லயே. நீங்க என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?

– சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

– என்னன்னு?

– நான் இவருக்கு மாமியாரா இருந்தவ, இப்போ இங்க வாடகைக்கு இருக்கேம்மா, இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிட்டார்னு சொன்னேன்.

– ஐயோ அத்தை!

– எதுக்கு இப்படிக் கத்தறீங்க? அவ வர்ற பாதையில நான் ஒரு கல்லாக் கிடக்க வேண்டாம்னு பாத்தேன். அன்னிக்கே போய் அந்த அடுப்பையும் வாங்கினேன். மறுபடி வந்து பாத்தா நம்பணும் இல்ல? எனக்கு மட்டும் வலிக்காதா மாப்பிள்ளை? என் பொண்ணு நின்ன இடத்தில இன்னொருத்தி வந்து நிப்பா. நிக்கட்டும்.

– நீங்கதானா சொன்னது. நான் தெருவுல எவனோ வேண்டாதவன் கோள் சொல்லிட்டான்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். டீச்சர், நீங்களே கேளுங்க இந்த அநியாயத்தை. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு நான் கேட்டதுக்குச் சரின்னு சொல்லத்தான் அவங்க அன்னிக்கு வந்தாங்க.

– அப்போ சொல்ல வேண்டியதுதானே? அதுக்கப்புறம் ஏன் இந்தப் பக்கமே வரல?

– மறுநாள் ஸ்டோர் ஜன்னல்ல நின்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. 'பொண்டாட்டி செத்த ஈரம் காயறதுக்குள்ள அவளைப் பெத்தவங்களை வாடகைக்கு வெச்சு, அதையும் காலி பண்ணச் சொல்ற ஆளை நம்பி நான் எப்படி வருவேன்? நாளைக்கு எனக்கும் அதே வாசல்தானே?'ன்னு. நான் அப்படி இல்லன்னு சொல்லச் சொல்லக் கேக்கல. எந்த வாயால நிரூபிக்கறது? அதான் டீச்சர் ஒண்ணுன்னு எழுதுங்க, ஒண்ணுன்னு எழுதுங்கன்னு மல்லுக்கட்டினேன். எங்கயாவது ஒரு இடத்திலயாவது நாங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம்னு இருக்கட்டும்னு.

– அப்போ குறுக்கே கல்லாக் கிடந்தது நான்தானா?

– அம்மா, நான் எழுதட்டுமா வேண்டாமா? இதுக்கு மேல என்னால முடியாது.

– எழுதுங்க டீச்சர். ஒரே குடும்பம். மாமியார்னே போடுங்க, பெரிய எழுத்தா. கீழ மட்டும் ஒரு வரி காலியா விடுங்க.

– அப்படியெல்லாம் காலியா விட முடியாதும்மா. இன்னிக்கு சாயந்திரம் நான் இதை ஒப்படைச்சே ஆகணும்.

– சாயந்திரம் வரைக்கும் டைம் இருக்கா? அப்போ என்ன பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க மாப்பிள்ளை, ஸ்டோர் மூடறதுக்குள்ள நானே அவகிட்ட சொல்லணும், வண்டியை எடுங்க!