பாசி தேய்க்கிற வேலை

காலையில் காபி குடிக்காமல் எனக்கு எதுவும் ஓடாது, ஐயா. அதையும் கிணற்றடியில் நின்று குடித்தால்தான் ருசி.

ஒத்தக்கடை தாண்டி, வயல்களுக்கு நடுவே எட்டே அறைகள் கொண்ட ஹோட்டல் எங்களுடையது. நான் மேனேஜர். சென்னை, பெங்களூர்க்காரர்கள் எங்கள் கிணற்றில் குளிக்கத்தான் வருகிறார்கள். பழைய வயல் கிணறு. படி கட்டி, தண்ணீருக்குள் லைட் போட்டிருக்கிறோம். அந்த வெளிச்சத்தில் போட்டோ எடுக்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை.

மாசி மாதம் எலக்ட்ரீசியன் சுருளி வந்து பார்த்தான். "கிருபாண்ணே, லைட்டு வயருக்குள்ள தண்ணி எறங்கிருச்சு. ஒரு நா கரண்ட் கசியுது, ஒரு நா இல்ல. புது லைட்டு வர்ற வரைக்கும் கெணத்த மூடிருங்க" என்றான். மூன்று வாரம் ஆகுமாம். எல்லா அறையும் புக் ஆகியிருந்தது. அதற்காக விருந்தினரை ஆபத்தில் இறக்கிவிட முடியுமா? வருமுன் காக்கிறவன் நான்.

முத்துமீனா தினமும் படியில் பாசி தேய்ப்பவள். லைட் எரிந்தால்தான் பாசி தெரியும் என்று சொல்லி, போட்டுவிட்டே அவளை இறக்கினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் ஏறி வந்தால் அன்று கிணறு திறந்திருக்கும். "காலு சுர்ருங்குது சார்" என்றால் பூட்டிவிடுவேன். அவள் அதை வாதம் என்று நினைத்தாள். "எங்க ஆத்தாவுக்கும் இப்பிடித்தான் இழுக்கும் சார்" என்பாள். கேட்கவே பாவமாக இருக்கும். நானே தைலம் வாங்கிக் கொடுத்தேன். நர்சிங் படிக்கிற மகளிடம் காட்டப்போவதாக ஒருமுறை சொன்னாள். படிக்கிற பிள்ளையை ஏன் பயமுறுத்துகிறாய் என்று தடுத்துவிட்டேன்.

அந்த மூன்று வாரத்தின் கடைசி நாள், ஃபர்ஹா மேடம் புது மாப்பிள்ளையோடு வந்திருந்தார். காலையிலேயே குளிக்க வேண்டும் என்றார். முத்துமீனா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "இன்னைக்கு ரெண்டு காலும் ரொம்ப இழுக்குது சார், ஏறி வாரேன்" என்றாள். அந்தப் படியில் மட்டும்தானா, கிணறு முழுக்கவா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"இன்னும் ரெண்டு படி எறங்கிப் பாரும்மா" என்றேன். இறங்கினாள்.

படியைப் பிடித்திருந்த அவள் கை நழுவி, தலை தண்ணீருக்குள் போன பிறகு லைட்டை அணைத்தேன். கிணற்றடிக் கதவைப் பூட்டிவிட்டு, ஃபர்ஹா மேடத்திடம் போய் இன்றைக்குக் குளிக்க முடியாது என்று மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் இருவருக்கும் ஒரு சின்னக் கீறல்கூட இல்லை, நீங்களே விசாரித்துப் பாருங்கள். மனுசர் உயிரோடு விளையாடுகிற ஆள் நானில்லை, ஐயா.