அணியை இழந்து ஆளைக் காத்த அர்மான் திபோடோ அவர்களுக்கு

வாரநாளில் வாய் பார்த்து, வாரக்கடைசியில் வாரிதி பார்த்த வல்லவரே! பல் மருத்துவரே! படைத்தலைவரே! 'நீர்க்காகங்கள்' அணியின் நெஞ்சம் நிறைந்த அர்மான் திபோடோ அவர்களே! அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரையில் கடற்படை ரிசர்வ் ரோந்து விமான அணியினராகிய நாங்கள், வணக்கத்தோடும் கொஞ்சம் வம்போடும் இம்மடலை வாசித்தளிக்கிறோம்.

ஒழுகும் கூரையும், நிரந்தரப் படை கழித்துக்கட்டிய விமானங்களுமாய்ப் பிறந்தது நம் அணி. குழாய் பழுதுபார்ப்பவர், உருளைக்கிழங்கு விவசாயி, தபால்காரர், கணக்கு வாத்தியார் என மாதத்தில் இருநாள் சீருடை மாட்டும் நம்மை 'ஞாயிற்றுக்கிழமை மாலுமிகள்' என்று நிரந்தரப் படையினர் ஏளனம் செய்தார்கள். செய்யட்டுமே! ஐஸ்லாந்துக்கு அப்பால் அவர்கள் தவறவிட்ட சோவியத் நீர்மூழ்கியை விடாமல் துரத்திக் கண்டுபிடித்தவர்கள் நாம்தானே! அன்று துணை விமானியாய் இருந்தவர் நீர். அதன்பின் அவர்கள் வாய் திறக்கவில்லை, உம்மிடம் பல் காட்ட வந்தபோது தவிர.

ஓயாத உழைப்பே! ஒளியாத அன்பே! சனிக்கிழமை ரோந்துதோறும் உம் துணைவியார் ஓடீல் கொடுத்தனுப்பிய அவித்த பீன்ஸ் பயற்றை விமானத்துச் சிற்றடுப்பில் சுடவைத்து, எல்லாருக்கும் பரிமாறிய பின்பே நீர் உண்பீர். அதன் பின்விளைவை மூடிய விமானத்துக்குள் பொறுத்துக்கொண்ட எங்களுக்கும் ஒரு பதக்கம் தந்திருக்கலாம், ஐயா!

பனிப்போர் ஓய்ந்தது. அணிகள் ஒவ்வொன்றாய்க் கலைக்கப்பட்டன. சென்ற மார்ச்சில், நம் தலைவிதியைத் தீர்மானிக்கும் பறப்புத் தேர்வை நடத்த அதிகாரி வந்திறங்கினார். பறக்கும் நிலையில் இருந்ததோ ஒரே விமானம். அந்நேரம் பார்த்துச் செய்தி வந்தது: மீன்பிடிப் படகு கவிழ்ந்தது, மூவரைக் காணோம்.

"வேற தளத்துலேர்ந்து ரெண்டு மணி நேரத்துல விமானம் வரும். இன்னைக்கு நீங்க தேர்வுக்குப் பறக்கலேன்னா, உங்க அணியை என்னால காப்பாத்த முடியாது" என்றார் அதிகாரி.

"அந்தக் குளிர்ல ரெண்டு மணி நேரம் எவன்யா தாங்குவான்? எங்களைக் காப்பாத்தாதீங்க சார், வழி விடுங்க போதும்" என்றீர் நீர்.

நான்கு எஞ்சினில் ஒன்றை அணைத்து எரிபொருளை மிச்சம்பிடித்து, அலைக்கு மேல் தாழப் பறந்து, கவிழ்ந்த படகைக் கட்டிக்கொண்டு கிடந்த மூவரையும் கண்டோம். மிதவையை வீசினோம், மீட்புப் படகு வரும்வரை வட்டமிட்டோம். திரும்பியபோது அதிகாரி கிளம்பிப் போயிருந்தார். கலைக்கப்படும் அணிகளில் நம் அணியும் சேர்ந்தது. உம் ஓய்வோடு நம் கதவும் மூடுகிறது.

சென்ற மாதம் எங்கள் முன் நின்று, "அணியைக் கெடுத்தவன் நான்தான். மன்னிச்சிடுங்கப்பா" என்று சொன்னீர். என்ன பேச்சு இது! அழுகை வந்தது எங்களுக்கு, ஆத்திரமும் வந்தது. மன்னிக்கவே மாட்டோம், ஐயா! மன்னிக்க இதில் என்ன இருக்கிறது? நாளையே மறுபடி கேட்டாலும் அதே விமானத்தில், அதே கடலுக்கு, உம் பின்னால் ஏறுவோம்.

நோயின்றி நூறாண்டு வாழ்க! ஓடீல் அம்மையாரோடு ஒரு குறையும் இன்றி வாழ்க! உறக்கம் நன்றாய் வரட்டும் உமக்கு.

இங்ஙனம்,
உம் அன்பை மறவா
நீர்க்காகங்கள் அணியினர்

முன்வரிசையில் அமர்ந்து, "நாங்களும் கையெழுத்துப் போடுவோம்" என்று அடம்பிடித்து ஒப்பமிட்டோர்:
எல்வுட் பீல்
கெர்ரி பீல்
டெஸ்மண்ட் ஹாஸ்கெல்
(அன்று அந்தப் படகில் இருந்தவர்கள்)