கணக்கில் இரண்டு மார்க்

ஈயம் உருகும் நெடி எங்கே அடித்தாலும் எனக்கு அந்த வாலாஜாபாத் பேருந்துதான் நினைவுக்கு வரும். முன்னிருக்கையில் கம்பெனிச் சட்டையோடு இரண்டு பெண்கள், விரல் நுனியெல்லாம் சால்டரிங் வாசம்.

“பொருளாதாரம் சேர கணக்குல ரெண்டு மார்க் கம்மின்னு காலேஜ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. கணக்கை மறுபடி எழுதப் போறேங்க்கா” என்றாள் திருநெல்வேலிக்காரி.

“அத்தப் படிச்சு இன்னா பண்ணப்போற?” என்றாள் உள்ளூர்க்காரி.

“கம்பெனி இங்க வந்துச்சு. எங்கூருக்கு ஏன் வரலன்னு தெரியணும்லா.”

“சூப்பர்வைசரக் கேளேன்.”

“கேட்டேன். லைன்ல வேலையப் பாருன்னுட்டாரு.”

உள்ளூர்க்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். பிள்ளைப்பாக்கத்தில் இறங்குகையில், படியில் நின்று திரும்பினாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

“சேந்துட்டின்னா, நெல்லு வெளஞ்ச எங்க கயனிதான் வேணும்னு கம்பெனிக்காரங்க ஏன் வந்தாங்கன்னும் கேட்டு வந்து சொல்லுடி.”