மூன்றாம் மாடிக் கதவு

தடாலென்று சத்தம் கேட்டபோது, அரிசி மூட்டை சரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி. செவ்வாய்ப்பேட்டையில் என் கட்டடத்துக் கடைகள் அடைத்திருந்தன. மூட்டையை இரண்டாம் மாடியில் உள்ள என் வீட்டுக்கு ஏற்ற, கீழே நின்று லிப்ட் பட்டனை அழுத்தியிருந்தேன்.

லிப்ட் பழையது. ஆனால் நான் கவனிக்காமல் விட்டதில்லை. ஆயுதபூஜைக்குத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைப்பேன். பூஜை போட்ட மெஷினை உடனே ஒரு தரம் ஓட்டிவிட வேண்டும். ஓடாவிட்டால் அந்த வருடமே விளங்காது என்பார்கள், எங்கள் தறிக்காரர் வீடுகளில். இந்த முறை தீபம் காட்டியும் லிப்ட் அசையவில்லை. கதவு திறந்திருந்தால் லிப்ட் ஓடாமல் தடுக்கும் சுவிட்ச் பழுதாம். எலக்ட்ரீஷியன் தனபால் மொட்டைமாடி அறையில் ஒரு துண்டு ஒயரை முறுக்கி, சுவிட்சைத் தாண்டி டைரக்ட் கொடுத்தான்.

"பூசைக்கு மட்டுந்தானுங்க. நாளைக்கே சுவிட்ச மாத்திப் போடோணும்."

லிப்ட் ஓடியது. ஓடுவதை எதற்குத் தொடுவது?

மூன்றாம் மாடியில் நைட்டி தைக்கும் அக்சிலியா ஒரு நாள் வந்தாள்.

"ஏனுங்கண்ணா, கதவு தொறந்திருக்கறப்பவே லிப்ட்டு போயிருது. எங்க ஊட்டுக்காரராட்டம், சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிருதுங்க."

"தீபாவளி போகட்டும்மா," என்றேன். இருவரும் சிரித்தோம்.

அந்த ஞாயிறு, திருப்பலி முடிந்து அவள் தைக்க வந்திருந்தது எனக்குத் தெரியாது. மேலே லிப்ட் கதவைத் திறந்துவைத்துவிட்டு, நைட்டி மூட்டையை இழுத்தபடி பின்பக்கமாகவே நடந்து வந்திருக்கிறாள். நான் அழுத்தியதும் லிப்ட் கீழே வந்துவிட்டது. அவள் அதன் கூரைமேல் விழுந்தாள்.

"அண்ணா" என்று கூப்பிட்டாள். தெளிவாகத்தான் கேட்டது. படியேறி மொட்டைமாடிக்குப் போனேன். ஒயரை முதலில் எடுக்க வேண்டும். இன்னொருவர் விழுந்துவிடக் கூடாதல்லவா? தனபால் நன்றாக இறுக்கியிருந்தான். என் நகம் ஒன்று பெயர்ந்தது. பிறகு கீழே வந்து கை கழுவினேன். அவள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

அவளை அடக்கம் செய்த மறுநாள், இன்ஸ்பெக்டர் சாரதாமணி என்னை உட்காரவைத்துக் கேட்டார்.

"வீரபாகு, ஆம்புலன்சுக்கு எப்ப போன் பண்ணுனீங்க?"

"உடனேதானுங்க மேடம். அந்தப் புள்ள கூப்படறத நிறுத்துன உடனே."